கண்மாயை ஒட்டிய மேய்ச்சல் தரையின் களிமண்: இது கரிசலா, வேறு வகையா?

கேள்வி: உள்வாய்க்கரை

அனைவருக்கும் வணக்கம். தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயின் உள்வாயை (நீர் தேங்கும் உட்பக்கத்தை) ஒட்டி, ஊர்ப் பொதுவில் விடப்பட்ட மேய்ச்சல் தரை ஒன்று இருக்கிறது. மேட்டுப்பக்கம் முழுவதும் செம்பூராங்கல்லும் சரளையும் கலந்த செவ்வல். அங்கிருந்து சரிவில் இறங்கினால் மண்ணின் நிறம் சாம்பல் பழுப்பாக மாறி, கண்மாயை நெருங்க நெருங்கக் கெட்டிக் களியாகிவிடுகிறது. ஐப்பசி மழையில் அந்தக் களியில் மாடு கால் வைத்தால் முழங்கால் அளவு புதைகிறது. பங்குனி பிறந்தபின் அதே தரை பாளம் பாளமாக வெடித்து, வெடிப்பு ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் தாராளமாக நுழைகிறது. அருகும் கோரையும் விட்டுவிட்டுத் தெரிகின்றன. மீதி இடத்தைச் சீமைக்கருவை பிடித்துக்கொண்டது.

கருவையை அகற்றிவிட்டுத் தீவனப்புல் விதைக்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு எழுந்தபோது, முதலில் இந்த மண் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என நான் வற்புறுத்தினேன். சரிவின் நடுவில் நான்கடிக் குழி ஒன்று தோண்டினோம். மேல் மண் உலர்ந்து குருணையாக உதிர்ந்தது. இரண்டடிக்குக் கீழே கட்டிகளின் பக்கங்கள் எண்ணெய் தடவியதுபோல் மின்னின. அடியில் சுண்டைக்காய் அளவுச் சுக்கான் கற்கள் (சுண்ணாம்புக் கட்டிகள்) கிடைத்தன.

ஆய்வகத்தில் கொடுத்த மாதிரிகளின் முடிவு இது: மேல் 20 செ.மீ. மண்ணில் களி 38 சதவீதம். 50 முதல் 80 செ.மீ. ஆழத்தில் 47 சதவீதம். கீழ் மாதிரியின் கார அமிலநிலை 8.4, நேரயனி மாற்றுத்திறன் (கால்சியம், சோடியம் போன்ற அயனிகளை மண் பிடித்துவைக்கும் அளவு) கிலோவுக்கு 23 சென்டிமோல், மாற்றத்தக்க சோடியம் 1.9.

பழைய மண் கணக்கெடுப்பு அறிக்கை ஒன்றில் எங்கள் பக்கத்து மண்ணை ஓரிடத்தில் ‘வெர்ட்டிக் உஸ்ட்ரோபெப்ட்’ என்றும், மற்றோரிடத்தில் ‘குரோமஸ்டெர்ட்’ என்றும் குறித்திருக்கிறார்கள். ஊரில் சிலர் இது கரிசல்தான் என்கிறார்கள். சிலர் களர் (சோடியம் மிகுந்து கெட்ட மண்) என்று சொல்லி ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். இதை எந்த வகையில் சேர்ப்பது? அந்தப் பெயர் தெரிவதால் மேய்ச்சலுக்கு என்ன பயன்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: மண்குழி

வணக்கம் அம்மா. குழி தோண்டிப் பார்த்துவிட்டுக் கேட்டிருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. இத்தகைய மண்ணுக்கு மேற்பரப்பை மட்டும் பார்த்துப் பெயர் வைக்க முடியாது.

பழைய பெயர்களை முதலில் தீர்த்துவிடுவோம். அமெரிக்க வேளாண் துறையின் மண் வகைப்பாடு 1975 இல் நூலாக வந்தபோது, வெர்ட்டிசால் என்னும் வெடிப்புக் களிமண்ணை நிறத்தின் அடிப்படையில் ‘குரோமோ’, ‘பெல்’ என்று பிரித்தார்கள். அந்தப் பிரிவு பின்னர் நீக்கப்பட்டது. 1999 இல் வந்த இரண்டாம் பதிப்பில் அது இல்லை. ‘உஸ்ட்ரோபெப்ட்’ என்ற பெயரும் அதில் கைவிடப்பட்டது. ஆகவே உங்கள் அறிக்கையின் ‘குரோமஸ்டெர்ட்’ பெரும்பாலும் இன்றைய ‘ஹாப்லஸ்டெர்ட்’ ஆகும். ‘வெர்ட்டிக் உஸ்ட்ரோபெப்ட்’ பெரும்பாலும் இன்றைய ‘வெர்ட்டிக் ஹாப்லஸ்டெப்ட்’ ஆகும். முன்னது முழு வெர்ட்டிசால். பின்னது வெர்ட்டிசாலின் குணம் ஓரளவு மட்டும் கொண்ட, இன்னும் முழு வளர்ச்சி பெறாத மண். அறிக்கை தன்னோடு தானே முரண்படவில்லை என்றே கருதுகிறேன். ஒரே சரிவில் இரண்டும் இருக்கக்கூடும்.

வெர்ட்டிசால் என்று சொல்ல மூன்று தகுதிகள் வேண்டும். முதலாவது, மேற்பரப்பிலிருந்து 18 செ.மீ. வரையிலும், 18 முதல் 50 செ.மீ. வரையிலும் களி 30 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். உங்கள் மண்ணில் அது தாராளமாக இருப்பதாகத் தெரிகிறது. இரண்டாவது, பருவத்துக்குப் பருவம் திறந்து மூடும் வெடிப்புகள், அதுவும் இருக்கிறது. மூன்றாவதுதான் தீர்ப்புச் சொல்வது: 100 செ.மீ. ஆழத்துக்குள் தொடங்கி, 25 செ.மீ. கனத்துக்குக் குறையாமல், ஸ்லிக்கன்சைடு எனப்படும் வழுக்குமுகங்களோ ஆப்பு வடிவக் கட்டிகளோ உள்ள அடுக்கு இருக்க வேண்டும்.

நீங்கள் கண்ட மினுக்கம் அந்த வழுக்குமுகமாகவும் இருக்கலாம், களித்தோலாகவும் இருக்கலாம். இதில்தான் கவனம் தேவை. மழைநீர் மேலடுக்கின் நுண்களியைச் சுமந்துகொண்டு இறங்கி, கீழேயுள்ள கட்டிகளின் மேல் மெழுகுபோல் பூசிவிட்டுப் போவதுண்டு. அந்தப் பூச்சு கட்டியின் எல்லாப் பக்கங்களிலும், நுண்துளைகளின் உட்சுவரிலும் படிந்திருக்கும். கத்தி முனையால் சுரண்டினால் மெல்லிய தோலாக உரியும், உள்ளே நிறம் வேறாகத் தெரியும். வழுக்குமுகம் அப்படி உருவாவதில்லை. ஈரத்தில் உப்பிப் பெருகும் களி இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று சாய்வாக நழுவும்போது உராய்வினால் அது பிறக்கிறது. ஆகவே அது கிடைமட்டத்துக்கு 10 முதல் 60 பாகை வரை சாய்ந்திருக்கும். அதன்மேல் ஒரே திசையில் ஓடும் இணைகோட்டுக் கீறல்கள் இருக்கும். சுரண்டினால் தோல் உரியாது, உள்ளும் புறமும் ஒரே மண். பத்து மடங்கு பெருக்கும் கைலென்சு ஒன்றும், காலை நேரத்துச் சாய்வு வெயிலும் இருந்தால் போதும். கட்டியை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கீறல்கள் கண்ணுக்குப் படும்.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உங்கள் களி அளவுகள். மேலே 38, கீழே 47. இந்த உயர்வு 30 செ.மீ. இடைவெளிக்குள் நடந்திருந்தால், களி இறங்கிச் சேர்ந்த அடுக்கு என்னும் தகுதியை அந்தக் கீழடுக்கு பெறக்கூடும். அப்படிப் பெற்று, மினுக்கமும் களித்தோல்தான் என்றால், இது நம் வட்டாரச் செவ்வலுக்கு உறவான ஆல்ஃபிசால் பெருவகையில், வெடிப்புக் குணத்தோடு கூடிய ‘வெர்ட்டிக் ஹாப்லஸ்டால்ஃப்’ ஆகும். வழுக்குமுகம் போதிய கனத்தில் இருந்துவிட்டால், களி உயர்வைப் பொருட்படுத்தாமல் இது வெர்ட்டிசால்தான். ஏனெனில் வகைப்பாட்டுத் திறவுகோலில் வெர்ட்டிசால் முன்னதாகவும் ஆல்ஃபிசால் பின்னதாகவும் வருகின்றன.

அடுத்தது களியின் இனம். மாற்றுத்திறன் 23 ஐக் களியின் அளவு 47 ஆல் வகுத்தால் 0.49 வருகிறது. செம்பூராங்கல் மேட்டிலிருந்து கழுவிவரும், அதிகம் உப்பாத கயோலினைட் களிக்கு இந்த விகிதம் 0.2 அளவில் நின்றுவிடும்; ஈரத்தில் நன்றாக உப்பும் ஸ்மெக்டைட் களி மிகுந்த அசல் கரிசலில் 0.7 ஐத் தாண்டும். உங்களுடையது இடையில் நிற்பதால், மேட்டுக் களியும் பள்ளத்திலேயே உருவான களியும் கலந்திருக்கிறது என்பது என் கணிப்பு. மேட்டிலிருந்து கரைந்து வரும் சுண்ணமும் மக்னீசியமும் சிலிக்காவும் தாழ்வில் தங்கும் இடங்களில், சுற்றிலும் செவ்வல் இருந்தாலும் ஸ்மெக்டைட் உருவாவது இயல்பு. எனவே கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலுக்கு எழுதிய பரிந்துரையை இங்கே அப்படியே எடுத்தாள வேண்டாம்.

பதில் 2: நீர்ப்பிடி

மண்குழி ஐயா கூறியதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் விடுபட்ட ஒன்று உண்டு. உள்வாயை ஒட்டிய தரை என்று கேள்வியிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. கண்மாய் பெருகும்போது அதன் தாழ்ந்த பகுதி ஐப்பசியிலிருந்து தை வரை நீரில் நிற்குமானால், அந்த மண்ணை முதலில் நீர்த்தேக்கத்தின் கண்கொண்டு பார்க்க வேண்டும். வெர்ட்டிசாலின் துணைவகைத் திறவுகோலில் முதலில் வருவதே நீர் தேங்கிய ‘அக்வெர்ட்’ தான். வெடிப்பு ஆண்டில் மொத்தம் 90 நாளுக்கு மேல் திறந்திருக்கிறதா என்று கேட்டு ‘உஸ்டெர்ட்’ (பருவ வறட்சி உள்ள வெர்ட்டிசால்) என்று சொல்வதெல்லாம் அதற்குப் பின்னர்தான்.

அடையாளம் காண்பது கடினமன்று. 50 செ.மீ. ஆழத்துக்குள் மண்ணின் அடிநிறம் சாம்பலாக வெளுத்து, செத்த வேர்கள் ஓடிய தடங்களின் ஓரமாகத் துருநிறக் கோடுகள் தெரிந்தால், அங்கே காற்றின்றி நீர் நின்றிருக்கிறது என்று பொருள். காற்றில்லாத மண்ணில் இரும்பு கரைந்து இடம் பெயர்கிறது. வேர்த்தடத்தின் வழியே காற்றுப் புகும் இடத்தில் மீண்டும் துருவாகப் படிகிறது.

ஒரு குழியை வைத்து முழுத் தரைக்கும் பெயர் சூட்டுவது சரியாகாது என்பதே என் உறுதியான கருத்து. மேட்டோரம், நடுச்சரிவு, உள்வாய் விளிம்பு என்று ஒரே கோட்டில் மூன்று குழிகள் வேண்டும். செட்டிநாட்டில் மேட்டுச் செவ்வலில் விழும் மழையைச் சரிவின் போக்கிலேயே ஊரணிக்கும் கண்மாய்க்கும் கொண்டுசேர்த்த முன்னோர்கள் இந்தச் சரிவை நன்றாக அறிந்திருந்தார்கள். மண்ணும் அதே சரிவின் வழியேதான் மாறுகிறது.

பதில் 3: கீதாரி வீட்டுப்பிள்ளை

நான் மண் படித்தவனல்லன். ஆட்டுக்கிடை போடும் குடும்பத்தில் பிறந்து, இப்போது கால்நடைத் துறையில் களப்பணி செய்கிறேன். பெயர் தெரிவதால் என்ன பயன் என்று அம்மா கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

களித்தரையில் எத்தனை மாடு மேய்கிறது என்பதைவிட எப்போது மேய்கிறது என்பதுதான் பெரிது. ஈரக்களியில் மாட்டின் குளம்பு பதிந்தால் மண்ணின் துளைகள் நசுங்கி, குளம்புக்குழியில் நீர் தேங்கி, அருகம்புல்லின் தண்டு அழுகிவிடுகிறது. நன்றாக வெடிக்கும் களியாக இருந்தால் அடுத்த கோடையில் வெடித்துச் சுருங்கும்போது அந்த இறுக்கத்தின் பெரும்பகுதி தானாகவே உடைந்துவிடும். அரைகுறையாக வெடிக்கும் களிக்கு அந்த வலு கிடையாது. ஒருமுறை கெட்டால் ஆண்டுக்கணக்கில் இறுகிக் கிடக்கும். உங்கள் தரை வெர்ட்டிசாலா, வெர்ட்டிக் குணம் மட்டும் உள்ளதா என்ற கேள்விக்கு மேய்ச்சல்காரன் கண்ட பொருள் இதுதான். எங்கள் வழக்கத்தில், நின்று குதிகாலை அழுத்தினால் குதி பதியாத நாள்வரை மாட்டை உள்ளே விடுவதில்லை. அதற்கு முன்பே மேய்த்தாக வேண்டுமென்றால் எடை குறைந்த ஆட்டை விடலாம். அதையும் மேட்டோரத்தில்தான் விடவேண்டும்.

கோடை மழையை நம்பி விதைப்பவர்களுக்கும் ஒரு சொல். களி தன் நீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். சிறு தூறல் செவ்வலில் புல்லைத் தளிர்க்க வைக்கும். அதே தூறல் களியின் மேற்பரப்பை நனைத்து, வேருக்குப் பயன்படாமல் ஆவியாகிவிடும். அமெரிக்காவின் நடுப்புல்வெளிகளைப் பற்றி 1988 இல் வெளிவந்த ஆய்வு, ஆண்டு மழை ஏறத்தாழ 370 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடங்களில் மணல் மண்ணும், அதற்கு மேற்பட்ட இடங்களில் நீர்பிடிக்கும் கனமண்ணும் கூடுதல் புல் தருவதைக் காட்டியது. நம் சிவகங்கைச் சீமையில் ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் என்றாலும், அதில் கணிசமான பகுதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆகவே களித்தரையின் பலன் மாசி, பங்குனியில் தேங்கிய ஈரத்தில்தான் கிடைக்கும். வைகாசித் தூறலில் அதை எதிர்பார்க்கக்கூடாது.

விதை பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொழுக்கட்டைப்புல்லையும் முயல்மசாலையும் எல்லா மேய்ச்சல் தரைக்கும் பரிந்துரைக்கிறார்கள். அவை செவ்வலுக்கு ஏற்றவை. நீர் தேங்கும் களியில் கொழுக்கட்டைப்புல் நிலைக்காது. நடுச்சரிவில் பண்ணைக்காரர்கள் மார்வல் புல் என்று சொல்வதையும், அதோடு வேலிமசாலையும் முயன்று பாருங்கள்; இரண்டும் கனமண்ணைத் தாங்குபவை. உள்வாய் விளிம்பில் நீர்ப்புல் வரும். மேட்டோரத்துக்குக் கொழுக்கட்டைப்புல்லே போதும்.

பதில் 4: மண்குழி

நீர்ப்பிடி அவர்கள் சொன்ன மூன்று குழிகள் அவசியமானவை, ஏற்கிறேன். அந்தக் குழிகளின் மண்ணைக்கொண்டு செலவின்றிச் செய்யக்கூடிய இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன்.

முதலாவது சுருக்கச் சோதனை. பயன்படுத்தாத பெரிய கால்நடை ஊசிக்குழலின் முனையை வெட்டிவிடுங்கள். சலித்த மண்ணை நீர் விட்டுக் குழைத்து, ஓரிரவு ஊறவைத்து, அந்தக் குழல்வழியே பிதுக்கி, 10 செ.மீ. நீளக் குச்சிகளாக வெட்டி நிழலில் உலர்த்துங்கள். ஈர நீளத்திலிருந்து உலர்ந்த நீளத்தைக் கழித்து, உலர்ந்த நீளத்தால் வகுத்தால் நீட்சிக் கெழு கிடைக்கும். முறையான ஆய்வகச் சோதனையில் 0.06 ஐத் தாண்டினால் அந்த மண் நன்றாக உப்பிச் சுருங்கும் மண். குச்சியில் வரும் எண் ஆய்வக எண்ணைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும் என்பதால், மூன்று குழிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, களர் பற்றிய ஐயத்துக்கு. உலர்ந்த சிறு கட்டி ஒன்றைக் கண்ணாடிக் குவளையிலுள்ள மழைநீரில் போட்டு, ஆட்டாமல் அசைக்காமல் வையுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் கூடாது. அதிலுள்ள உப்பு களியைப் பிடித்து நிறுத்தி, கலங்கல் வராமல் மறைத்துவிடும். இரண்டு மணி நேரம் கழித்தும், மறுநாளும் பாருங்கள். கட்டி சரிந்து குவிந்தாலும் நீர் தெளிவாக இருந்தால் சோடியத்தின் கேடு இல்லை. கட்டியைச் சுற்றிப் பால்போன்ற கலங்கல் வளையமாகப் பரவினால் சோடியம் தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

உள்வாய்க்கரை

அனைவருக்கும் நன்றி. தாங்கள் சொன்னபடியே மூன்று குழிகளையும் பார்த்துவிட்டோம்.

நடுச்சரிவுக் குழியில் 60 செ.மீ. ஆழத்திலிருந்து 95 செ.மீ. வரை சாய்ந்த மினுக்கமுகங்கள் தொடர்ச்சியாக இருந்தன. லென்சில் கீறல்கள் தெளிவாகத் தெரிந்தன. கத்தியால் சுரண்டியபோது தோல் எதுவும் உரியவில்லை. மேட்டோரக் குழியில் மினுக்கம் குறைவு; அங்கே கண்டது உரியும் பூச்சு. உள்வாய் விளிம்பில் ஓரடிக்குள்ளேயே சாம்பல் நிறமும் துருக்கோடுகளும் வந்துவிட்டன. வழுக்குமுகம் அங்கேயும் இருந்தது.

பத்து செ.மீ. குச்சிகள் உலர்ந்தபின் மேட்டோரத்தில் 9.6, நடுவில் 9.3, விளிம்பில் 9.1 செ.மீ. நின்றன. மழைநீரில் மேட்டோர மண்ணும் நடுச்சரிவு மண்ணும் கலங்கவில்லை. விளிம்பு மண் மட்டும் மறுநாள் காலையில் மெல்லிய வளையம் காட்டியது. இந்த நிலையில் ஜிப்சம் தேவையா?

பதில் 5: மண்குழி

கணக்கிட்டால் நீட்சிக் கெழு முறையே 0.04, 0.075, 0.10 என்று வருகிறது. குழியில் நீங்கள் கண்டதோடு இது பொருந்துகிறது. நடுச்சரிவில் வழுக்குமுக அடுக்கு 35 செ.மீ. கனத்தில் இருப்பதால் அது வெர்ட்டிசால். வெடிப்பு 5 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலத்தில், ஆண்டில் மொத்தம் 90 நாளாவது திறந்திருக்கிறது என்று குறித்துவைத்தால் உஸ்டெர்ட் என்பதும் உறுதியாகும். சுக்கான் கல் அடுக்கு எவ்வளவு கனம், அதில் சுண்ணம் எவ்வளவு என்று ஆய்வகத்தில் பார்த்தபின்தான் ‘கால்சியஸ்டெர்ட்’ என்றோ ‘ஹாப்லஸ்டெர்ட்’ என்றோ முடிவாகச் சொல்ல முடியும். விளிம்பு மண், நீர்ப்பிடி அவர்கள் கூறியதுபோல, அக்வெர்ட் பக்கம் போகிறது. மேட்டோரம் ஆல்ஃபிசால்.

ஜிப்சம் பற்றி: 23 இல் 1.9 என்றால் மாற்றத்தக்க சோடியம் 8 சதவீதத்தைச் சற்றுத் தாண்டுகிறது. களர் என்று அழைப்பதற்கான பழைய எல்லை 15. ஆனால் ஆஸ்திரேலியாவில் 6 ஐத் தாண்டினாலே சோடிய மண் என்கிறார்கள். நம் நாட்டுக் கருமண்ணிலும் 15 க்கு வெகுகீழேயே நீர் இறங்குவது குறைவதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே எண்ணை மட்டும் பார்த்து அஞ்சவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். நடுச்சரிவு மண் மழைநீரில் கலங்காததால் அங்கே ஜிப்சம் தேவையில்லை. விளிம்பு மண்ணில் சோடியம் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். அதன் மாதிரியைத் தனியாக ஆய்வுக்கு அனுப்புங்கள். ஆனால் ஜிப்சம் வெளியேற்றும் சோடியத்தை நீர் அடித்துக்கொண்டு போனால்தான் பயன் உண்டு. மூன்று மாதம் நீர் நிற்கும் உள்வாய் விளிம்பில் அதற்கு வழியில்லை. அந்தப் பணத்தைச் சீமைக்கருவையை வேரோடு எடுப்பதற்கும், எடுத்த குழிகளை அதே மண்ணால் மூடுவதற்கும் செலவிடுங்கள். மூடும்போது அடிமண்ணைச் சுக்கானோடு மேலே பரப்பிவிடாமல், மேல்மண் மேலேயே வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். விளிம்புப் பட்டையில் மாடு இறங்காதபடி தை முடியும் வரை முள்வேலி போட்டால் நீர்ப்புல் வேர்பிடிக்கக் காலம் கிடைக்கும்.